மூளித் தூண்

வில்லியனூரில் வீடு கட்ட நினைப்பவர்கள் மனை வாங்கியதும் ஏறுகிற முதல் மாடிப்படி ஃபிராங்க்ளினுடையது. ரயில்வே கேட்டுக்கு அருகே, மருந்துக் கடைக்கு மேலே, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களின் வீடுகளை வரைந்துகொண்டிருக்கிறான். முப்பதுக்கு நாற்பது மனை, கிழக்குப் பார்த்த வாசல், தென்மேற்கில் படுக்கையறை, மாடிப்படிக்குக் கீழே குளியலறை. அனுமதிக்குப் போன அவன் வரைபடம் ஒன்றுகூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வந்ததில்லை. அவ்வளவு சுத்தமான கை. இப்போது கணினியில்தான் வரைகிறான் என்றாலும் பென்சில் டப்பாவும் இரண்டடி ஸ்கேலும் மேஜையை விட்டுப் போகவில்லை.

நாற்பத்தாறு வயதில் அவனுக்குக் குறை என்று சொல்ல அதிகமில்லை. மனைவி ஜோஸ்பின் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த வீடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மூன்றாவது வரிசையில் இடம் உண்டு. ஊரில் கோடி ரூபாய்க்கு வீடு கட்டுகிறவர்களைப் பார்த்து அவன் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. பொறாமை என்பது பொதுவாக யார்மேலும் வருவதல்ல. நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நம்முடைய ரப்பரை வாங்கி அழித்து, பிறகு எழுந்து போனானே, அவன்மேல்தான் வரும். ஃபிராங்க்ளினுக்கு அப்படி ஒருவன் இருந்தான். மாலிக்.

மாலிக்கின் அப்பா வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் இருவரும் ஒன்றாகப் படித்தார்கள். மாலிக்கின் பென்சில் எப்போதும் மொட்டையாக இருக்கும். அவனுடைய வரைதாள்களில் பாதி ஃபிராங்க்ளின் முடித்துக் கொடுத்தவை. படிப்பு முடிந்ததும் இருவரும் ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு எழுதினார்கள். அதில் ஒரு தாளுக்கு ஸ்கேல் கூடாது, கையால்தான் வரைய வேண்டும். வரையச் சொன்னது மழையில் ஒரு பேருந்து நிறுத்தம். ஃபிராங்க்ளினுக்கு ஸ்கேல் இல்லாமல் கை ஓடவில்லை. ஹால் டிக்கெட்டின் ஓரத்தை வைத்துக் கோடு இழுத்தான். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு ஹால் டிக்கெட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். மாலிக் வரைந்த நிறுத்தமோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன் கூரை ஒழுக, கூரைக்குக் கீழேயே ஓர் ஆள் குடை பிடித்து நின்றான். மாலிக்குக்கு இடம் கிடைத்தது.

அந்தக் குடைக்காரனை ஃபிராங்க்ளின் இன்றுவரை மறக்கவில்லை.

பாகூரிலிருந்து கரியமாணிக்கம் போகும் சாலையில், இரண்டு பக்கமும் நெல் வயலாக இருக்கும் இடத்தில், ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. போன வருடம் அங்கே உள்விளையாட்டுக் கூடம் கட்ட முடிவு செய்தார்கள். தாளாளர் அரங்கநாதன் முதலில் ஃபிராங்க்ளினைத்தான் கூப்பிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து எடுத்துப் போனான். நூற்றிருபதுக்கு எண்பது, நேரான சுவர்கள், இரும்புத் தகடு கூரை, வரிசையாகச் சன்னல்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாளாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்பா. ஆனா கோழிப்பண்ண மாதிரி கீதே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, பெங்களூருவிலும் கோழிக்கோட்டிலும் கட்டடங்கள் கட்டிப் பெயர் வாங்கியிருந்த மாலிக்கிடம் அந்த வேலை போனது.

மாலிக் ஒருநாள் மருந்துக் கடை மாடிப்படி ஏறி வந்தான். கொஞ்சம் தொப்பை. காலில் அதே தேய்ந்த செருப்பு.

"ஃபிராங்கு, ஒர்க்கிங் டிராயிங் நீதான் போடணும். சைட்டையும் நீதான் பாத்துக்கணும். உன் கோடு இல்லாம என் பில்டிங்கு நிக்காதுடா."

மாட்டேன் என்று ஃபிராங்க்ளின் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புண்ணைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத கை போலத்தான் இதுவும்.

மாலிக் கொண்டுவந்தவை எல்லாம் கையால் கிறுக்கிய தாள்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஃபிராங்க்ளின் நேராக்கினான். நேராக்கும்போதுதான் அந்தக் கட்டடத்தின் கிண்டல் புரிந்தது. இடப்பக்கச் சுவரின் மேல்விளிம்பு கோபுரத்தை வெட்டி ஒட்டியதுபோல் படிப்படியாக ஏறியது. வெறும் விளிம்புதான், பின்னால் கோபுரம் கிடையாது. வலப்பக்கம் புதுச்சேரி பிரெஞ்சுத் தெரு வளைவு ஒன்று, ஆனால் லாரி நுழையும் அளவுக்குப் பெரிது. சன்னல்களில் பாதி பச்சைச் சாயத்தில் வரைந்தவை, திறக்காது. முகப்பில் முக்கோண நெற்றி ஒன்று, அதுவும் நடுவில் பிளந்தது. அதற்குக் கீழே மஞ்சள் சாயமும் வெள்ளைத் தலையுமாக ஐந்து பருத்த தூண்கள். நான்கு தூண்கள் உத்திரத்தைத் தொட்டன. நடுத்தூண் மட்டும் இரண்டடி கீழேயே நின்றுவிட்டது.

"இது இன்னாடா, தூண் பாதியில நிக்குது?" என்று கேட்டான் ஃபிராங்க்ளின்.

"நிக்கட்டும்."

"ஒண்ணையும் தாங்கலயே."

"மத்த நாலு மட்டும் இன்னா தாங்குது? லோடு மொத்தமும் பின்னாடி கீற ஃபிரேம்ல. நாலும் தாங்கற மாதிரி நடிக்குது. இது ஒண்ணுதான் உண்மைய சொல்லுது."

"இதுக்குப் பேர் இன்னா?"

"போஸ்ட்மாடர்ன்னு வெச்சுக்கோயேன். கட்டடம் கொஞ்சம் சிரிச்சா இன்னாடா தப்பு?"

பிறகு மாலிக் மொட்டைப் பென்சிலை எடுத்து ஓர் ஓரத்தில் கிறுக்கினான். கூரையின் இரண்டு பாதிகளும் உள்நோக்கிச் சரிகின்றன. நடுவில் ஒரு வாய்க்கால். மழைநீர் அதில் ஓடி நெற்றிப் பிளவையும் அதன் கீழே உத்திரத்தில் விட்ட துளையையும் கடந்து வெளியே வந்து, அந்த இரண்டடி இடைவெளியில் வெளிப்படையாக விழுந்து, நடுத்தூணுக்குள் இருக்கும் குழாயில் இறங்கி, அடியில் கல்தொட்டி வழியாக வயலோரக் குட்டைக்குப் போகிறது. "மழ வந்தாதான் இவனுக்கு வேல. மத்த நாள்ல சும்மா நிப்பான்" என்றான்.

ஃபிராங்க்ளின் அதைப் பதினாலாம் தாளில் வரைந்தான். தண்ணீர் விழும் இடத்தில் சின்ன அம்புக்குறி போட்டவனும் அவன்தான். நல்ல யோசனை என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் சங்கடம். மட்டமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

கட்டடம் எழும்பியது. பாகூர் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு, கல்யாண மண்டபமா என்று கேட்டவர்களும் உண்டு. ஃபிராங்க்ளினுக்கு இரண்டாவது வகையினர்மேல் பிரியம் இருந்தது. அவர்கள் சொன்னதை வீட்டில் வந்து சொல்வான்.

"அந்த மாலிக்கு பேரச் சொல்லாம உங்களுக்கு சோறு எறங்காதா?" என்றாள் ஜோஸ்பின்.

"நான் பில்டிங்க சொல்றேன்."

"பில்டிங்குதான். ஆறு மாசமா ஆஸ்பத்திரியில நான் பாத்த நோயாளிங்ககூட இவ்ளோ தடவ ஒரே வலிய சொன்னதில்ல."

புரட்டாசி வந்தது. வேலை முடியும் தறுவாய். உள்ளே மரத்தரை போட்டாகிவிட்டது. உடற்கல்வி ஆசிரியை உஷாராணி செருப்போடு யாரையும் உள்ளே விடுவதில்லை, தாளாளர் உட்பட. பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சேரும் பெண்கள் பேட்மிண்டன் போட்டியை இங்கே நடத்த மூன்று வருடமாகக் கேட்டு இந்த முறைதான் வாங்கியிருந்தாள். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்கு அடுத்த வாரம் போட்டி. மாலிக் கோழிக்கோட்டில் இன்னொரு வேலைக்குப் போயிருந்தான். விழா வாரத்தின் திங்கட்கிழமைதான் திரும்புவதாக இருந்தான்.

மேஸ்திரி அய்யனாரப்பன் காட்டேரிக்குப்பத்துக்காரர். ஆயுத பூஜைக்குக் கரண்டியையும் தூக்குக்குண்டையும் கழுவிப் பொட்டு வைக்கும்போது கையில் இருக்கும் எந்த வேலையும் மூளியாக நிற்கக் கூடாது என்பது அவர் பழக்கம். பூஜைக்கு முதல்நாள் அவர் ஃபிராங்க்ளினைத் தேடி வந்தார்.

"சார், அந்த நடுத்தூணு மூளியா நிக்குது. நாளைக்கி ஜனங்க வந்து பாத்தா இன்னா சொல்வாங்க? அய்யனாரப்பங்கிட்ட சிமெண்டு தீந்துபோச்சுன்னு சொல்ல மாட்டாங்களா? வாசல்லயே மூளித் தூண வெச்சுகினு நான் எப்டி பூச போடறது?"

ஃபிராங்க்ளின் கையிலிருந்த தாளைச் சுருட்டினான்.

"ரெண்டடிதான் சார். மேல கடப்பாக் கல்ல வெச்சு, செங்கல்லு ஏத்தி, உத்தரத்தோட சேத்துப் பூசிடறேன். மத்த நாலு மாதிரி வெள்ளத் தல வெச்சுடலாம். கூலியே வேணாம். நம்ம திருப்திக்கு."

கூரை போட்டவர்கள் வேறு ஆட்கள். பதினாலாம் தாள் அவர்களிடம்தான் போனது. தூணுக்குள் குழாய் விட்டது ஒயர் போவதற்காக என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டிருந்தார். ஃபிராங்க்ளின் அப்படி நினைக்கவில்லை. "அது தண்ணி போற வழி" என்று சொல்ல நாலு சொல் போதும். அந்த நாலு சொல்லும் தொண்டை வரைக்கும் வந்தன. கூடவே, கோழிப்பண்ணை என்று சிரித்த சிரிப்பும் வந்தது.

"உங்க இஷ்டம் மேஸ்திரி" என்றான்.

"மாலிக் சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

"அவருதான் ஊர்ல இல்லையே."

மாலைக்குள் ஐந்து தூண்களும் ஒரே உயரமாகிவிட்டன. ஃபிராங்க்ளின் சாலையில் நின்று பார்த்தான். கட்டடத்தின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவனுக்கு அதில் இருந்த சந்தோஷத்தை மறைத்து எழுதுவதில் பொருள் இல்லை. இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததில்லை.

வீட்டில் அதை ஜோஸ்பினிடம் சொன்னான். அவள் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அதுவழியாத்தான மழத்தண்ணி போவும்னு நீங்க சொன்னீங்க?"

"நான் மூடல. மேஸ்திரி மூடனாரு."

"யார் மூடனாங்கன்னு நான் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லோரும் சேர்ந்து பாவத்தை அறிக்கையிடும் ஜெபம் வந்தது. சிந்தனையால், சொல்லால், செயலால் என்பதுவரை ஃபிராங்க்ளினின் குரல் மற்றவர்களோடு போனது. கடமையில் தவறியதாலும் என்ற இடத்தில் உதடு மட்டும் அசைந்தது. செய்த பாவத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. செய்யாமல் விட்டதை என்ன பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது என்று அவன் தன்னோடு வாதாடிக்கொண்டிருந்தான். நேர்மையான வாதம் இல்லை அது. வாதாடும் நேரத்தில் ஒரு போன் செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மருந்துக் கடை வாசலின் தகரச் சாய்ப்பில் மழை இறங்கியபோது ஃபிராங்க்ளின் யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்துகொண்டிருந்தான். வரைந்த படியையே மூன்று முறை வரைந்தான். அரை மணி நேரத்தில் போன் அடித்தது. உஷாராணி.

"சார், நடு கோர்ட்டுல மேலருந்து தண்ணி கொட்டுது சார்! வாளி வெச்சேன், பத்தல. மரமெல்லாம் நனையுது!"

"ஆர்க்கிடெக்டுக்கு சொல்லுங்க மேடம். அவரு டிசைன்தான்" என்றான். சொல்லும்போது நாக்கில் இனிப்பு தட்டியது.

"அவருக்குத்தான் மொதல்ல அடிச்சேன். கார்ல வந்துகினு கீறாரு, இப்பதான் விழுப்புரம் தாண்டியிருக்காராம். 'ஃபிராங்கு கிட்ட சொல்லுங்க, அந்த பில்டிங்கு என்னைவிட அவனுக்குத்தான் நல்லா தெரியும், அவன் பாத்துப்பான்'னு சொன்னாரு."

ஃபிராங்க்ளின் போனை வைத்தான். அவனைப் பற்றி மாலிக் இதைவிடக் கெட்டதாக எதையும் சொல்லியிருக்க முடியாது. சந்தேகப்பட்டிருந்தால் ஃபிராங்க்ளின் அங்கேயே உட்கார்ந்திருப்பான். நம்பிவிட்டான் பாவி.

மழைக்கோட்டை மறந்து வண்டியை எடுத்தான். பன்னிரண்டு கிலோமீட்டர். கல்லூரிக்குள் நுழைந்தபோது கூடத்தின் நடுவில் ஏழெட்டுப் பெண்கள் மண்டி போட்டு, விளையாடுகிற ஜெர்சியாலேயே தரையைத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கூரை வாய்க்கால் நிரம்பி இரண்டு பக்கமும் வழிந்தது. உஷாராணி அவன் காலைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றினான். பிறகுதான் தெரிந்தது, அவன் உள்ளே போக வேண்டியதே இல்லை.

முகப்பில் சாயம் அடித்தவர்களின் சாரம் இன்னும் கட்டியபடி இருந்தது. ஸ்டோரில் இருந்து சம்மட்டியும் உளியும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினான். ஐந்து நாள் பூச்சு. இரண்டு முறை சம்மட்டி இறங்கியதும் வெள்ளைத் தலை உதிர்ந்தது. முதல் செங்கல் வெளியே வந்ததும் அவ்வளவு நேரம் அடைந்து கிடந்த தண்ணீர் அவன் முகத்தில் பாய்ந்தது. சாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அடுத்த செங்கல். அதற்கடுத்தது. கடைசியாகக் கடப்பாக் கல்லை இரண்டு கையாலும் நெம்பித் தள்ளினான். அது கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

தண்ணீர் ஒரு கணம் நாலாபக்கமும் சிதறியது. பிறகு அடங்கிக் கயிறுபோல ஒன்றாகி, பிளவிலிருந்து நேராக விழுந்து, தூணுக்குள் ஒரு சொட்டு வெளியே தெறிக்காமல் இறங்கியது. அடியில் கல்தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டது. உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவே இப்போது தண்ணீர்தான் நின்றது. கல்லால் எட்ட முடியாத இரண்டடியை மழை எட்டிவிட்டது. பதினாலாம் தாளில் அவன் போட்ட அம்புக்குறி இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அழகுதான். அதைவிட அதிகமாகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பாராட்டு வந்திருக்க வேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது, முன்னைவிட அதிகமாக.

ஒரு மணி நேரம் கழித்து மாலிக் வந்தான். மழை விட்டிருந்தது. உடைந்த செங்கல்லையும் கடப்பாக் கல்லையும் பார்த்தான். ஈரம் சொட்ட நின்ற ஃபிராங்க்ளினைப் பார்த்தான்.

"யாரு மூடனது?"

"மேஸ்திரி. மூளியா நிக்குதுன்னு பூசைக்கு மூடனாரு. என்னக் கேட்டாரு. நான் உங்க இஷ்டம்னு சொன்னேன்."

"மறந்துட்டியா?"

இங்கே ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மாலிக் அதை நீட்டியே கொடுத்தான்.

"மறக்கலடா. தெரிஞ்சேதான் வுட்டேன். ஒழுகட்டும்னு."

மாலிக் தூணை அண்ணாந்து பார்த்தான். கடைசித் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான்.

"மூளித் தூணு! நல்ல பேருடா. எனக்குத் தோணல பாரு. சரி வுடு. வா, டீ குடிக்கலாம், நடுங்கறே."

ஃபிராங்க்ளின் கன்னத்தில் ஓர் அறையை எதிர்பார்த்திருந்தான். குறைந்தபட்சம் ஒரு கெட்ட வார்த்தை. மன்னிப்பதுகூட இவனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று வயிறு எரிந்தது. ஸ்கேல் இல்லாமல் கோடு போடுகிற அதே கை.

ஆனால் உஷாராணி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் டீக்குக் கூப்பிடவில்லை.

"தெரிஞ்சேவா சார்?"

"ஆமா மேடம்."

"பதினோரு பலக உப்பிப் போச்சு. மாத்த ஒரு மாசம் ஆவும்னு சொல்றாங்க. மேட்ச வேற காலேஜுக்குக் குடுத்துடுவாங்க. மூணு வருஷம் நாயா அலஞ்சு வாங்குனது. உங்களுக்கு அவருமேல கோவம்னா அவர அடிச்சிருக்கலாமே சார். இந்தப் பொண்ணுங்க இன்னா பண்ணாங்க?"

 அவள் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. உப்பிய பலகைகளை அடுத்த நாள் அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி எண் எழுதி அடுக்கினான். அவள் வந்து, அவன் காலில் செருப்பு இல்லை என்பதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

திறப்பு விழா சொன்ன நாளில் நடந்தது. நடு கோர்ட்டின் மேல் நீலப் பாய் விரித்து மறைத்திருந்தார்கள். அன்றைக்கென்று வெயில் கொளுத்தியது. ஒரு மேகம் இல்லை. மாலிக்குக்குச் சால்வை போட்டார்கள். ஃபிராங்க்ளின் வாசலில், நடுத்தூணுக்குப் பக்கத்தில், நிழலுக்காக ஒதுங்கி நின்றான். அது தப்பான இடம்.

"இன்னா சார், இது மட்டும் பாதில நிக்குது? சிமெண்ட்டு தீந்துபோச்சா?"

முதலில் கேட்டவருக்கு ஒரு வரியில் சொன்னான். இரண்டாமவருக்கு இரண்டு வரி. சற்றுத் தள்ளி நின்ற அய்யனாரப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் சொல்லி முடிக்கும்போது, தான் மாலிக்கைப் புகழ்ந்திருப்பது ஃபிராங்க்ளினுக்குத் தெரிந்தது. வேறு மாதிரி சொல்ல முடியவில்லை. அந்தத் தூணை விளக்க வேறு வழி இல்லை.

எதிர் வயலில் களை எடுக்கிற ஆதிலட்சுமி கேசரி வாங்க வந்திருந்தாள். அவளுக்குச் சொன்னது புரியவில்லை.

"தூணுக்குள்ள எப்டிபா தண்ணி போவும்? வெளயாடறியா?"

அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திருப்பினான். சட்டைப் பையில் பேனா இருந்தது, ஸ்கேல் இல்லை. தூணின் மேல் பேப்பரை வைத்துக் கையாலேயே வரைந்தான். இரண்டு சரிவு, ஒரு பிளவு, கீழே தூண், நடுவில் விழுகிற தண்ணீர். கோடுகள் வளைந்தன. தூணுக்குப் பக்கத்தில், ஏனென்று தெரியாமல், ஒரு சின்ன ஆளையும் போட்டான்.

ஆதிலட்சுமி படத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட, ஆமா! அப்ப மழ பேஞ்சா வந்து பாக்கணும். இது யாரு யோசனபா, உன்னுதா?"

மேடையில் மாலிக் சால்வையை மடிக்கத் தெரியாமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இல்லமா. அதோ, சால்வ போட்டாங்களே, அவரு."

சொல்லும்போது நெஞ்சு எரிந்தது. எரியாமல் போகும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. அவள் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேசரி வரிசையில் போய் நின்றாள்.